வன்னியில் நின்றுபோன மொறிஸ் மைனரைத் திருப்பி ஓடவைப்பது

வேலையைப் பிழையான இடத்தில் தொடங்கியதால்தான் பல மொறிஸ் மைனர் கார்கள் கொட்டிலிலேயே கிடக்கின்றன. முதலில் பெயின்ற் அடிப்பார்கள், பிறகு சீற் தைப்பார்கள், காசு முடிகிற நேரத்தில் எஞ்சினைத் திறப்பார்கள். உள்ளே தேய்ந்த சிலிண்டரைக் கண்டதும் வண்டிமேல் தறப்பாள் விழும். இலங்கையின் வடக்கே வன்னியில் நிற்கும் மைனருக்கு இரண்டு வாழ்க்கை. ஒன்று இங்கிலாந்துத் தொழிற்சாலை கொடுத்தது. மற்றது 1990க்குப் பிந்திய போர்க்காலப் பொருளாதாரத் தடை கொடுத்தது. பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் வண்டியை மண்ணெண்ணெயில் ஓடவைக்கச் செய்த மாற்றங்கள் பல இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் திருப்பிப் போடுவதுதான் பாதி வேலை.

முதலில் எந்த மைனர் என்று அறியுங்கள்

இந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் லண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது வெளிவந்தது. உற்பத்திக்குப் போகும் முன்னரே மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று இசிகோனிசுக்குப் பட்டது. நடுவாலே வெட்டி, 4 அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்தார், அதுவே நிலைத்தது. பொனற்றின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் மேடான பட்டி அந்த 4 அங்குலத்தின் அடையாளம். மொறிஸ் கம்பனித் தலைவர் நப்பீல்ட் பிரபுவுக்கு உருவம் பிடிக்கவில்லை. உடைத்து நீரில் வேகவைத்த முட்டை போல இருக்கிறது என்றார். அந்த முட்டைதான் பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரித்தானியக் கார் ஆனது. 1971இல் உற்பத்தி நிற்கும்போது ஏறக்குறைய 16 இலட்சம் வண்டிகள் வெளியேறியிருந்தன.

உதிரிப்பாகம் வாங்க உங்களுக்குத் தேவை எஞ்சின் வரலாறு. 1948 முதல் வந்த வண்டியில் 918 சீசீ பக்கவால்வு எஞ்சின். 1952இல் தலைவால்வு ஏ-சீரிஸ் எஞ்சின் 803 சீசீயில் வந்தது. 1956இல் 948 சீசீயும், நடுக்கம்பி இல்லாத ஒற்றை முன்கண்ணாடியும், பெரிய பின்கண்ணாடியும் வந்தன. 'மைனர் 1000' என்ற பெயரும் அப்போதுதான். 1962இல் 1098 சீசீ. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் வண்டி 1956க்கு முந்தியது. கதவுத் தூணிலிருந்து கை நீட்டும் திருப்ப அடையாளம் இருந்தால் 1961க்கு முந்தியது. இலக்கத் தகடும் உதவும்: இரண்டு ஆங்கில எழுத்தோடு இருந்தால் பழைய பதிவு. 1957இலிருந்து சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழர் ஊர்களில் எதிர்ப்பாகத் தார் பூசப்பட்ட அதே எழுத்துத்தான்.

வண்டியின் வயது ஒன்று, எஞ்சின் வயது வேறொன்றாக இருப்பது சாதாரணம். 803 சீசீ வண்டிக்குள் 948 எஞ்சின் இறங்கியிருக்கும். கண்ணாடியைப் பார்த்துப் பிஸ்டன் வாங்காதீர்கள். எஞ்சினில் உள்ள இலக்கத் தகட்டைப் பாருங்கள். தகடு இல்லாவிட்டால் சிலிண்டர் விட்டத்தை அளந்த பிறகே கடைக்குப் போங்கள்.

இன்னொன்று: வன்னியில் கூலிக்கு ஓடிப் பெயரெடுத்த ஏ40 சோமசெட், ஏ40 கேம்பிறிட்ஜ் இரண்டும் 1200 சீசீ எஞ்சின் கொண்டவை. அவற்றின் பிஸ்டனோ வால்வோ மைனருக்குப் பொருந்தாது. மைனரின் உறவினர் ஒஸ்டின் ஏ35உம், இசிகோனிஸ் 1959இல் கொண்டுவந்த மினியும். அவையும் ஏ-சீரிஸ்தான். ஆகவே பொயின்ற், றோட்டர், பிளக் போன்ற சில்லறைச் சாமான்களை மினிக்காரரிடமும் தேடலாம். உடற்தகடு தேவையென்றால் நம்பிக்கை இழக்கவேண்டாம்: 1990களில் மைனருக்கான தகடுகளை இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பினார்கள்.

வண்டியை இழுத்து எடுக்கும் முன்

2009இல் போர் முடியும்போது கைவிடப்பட்ட வண்டி என்றால் இதை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத காணிக்குள் நிற்கும் வண்டியைத் தொடவே கூடாது. சிவப்பு எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம். வெளியே இருக்கும் வண்டியிலும் சீற்றுக்கடியில், டிக்கிக்குள், மட்காட் உள்பக்கத்தில் ரோச் அடித்துப் பாருங்கள். அடையாளம் தெரியாத இரும்புத் துண்டைக் கண்டால் கைவைக்காமல் விலகி நின்று அறிவியுங்கள்.

பத்திரம் தொலைந்த வண்டிகள் நிறைய. சசி இலக்கத் தகட்டையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். புத்தகமே இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு எவருடைய பெயரில் இருக்கிறது என்று அறிந்த பிறகே காசு கைமாற வேண்டும். சசித் தகடும் இல்லை, புத்தகமும் இல்லை என்றால் அது உதிரிப்பாகத்துக்கு மட்டும் பெறுமதியான வண்டி.

கீழே படுத்துப் பாருங்கள்

மைனருக்குத் தனிச் சசி இல்லை. உடலே சசி. அதனால் கதவும் மட்காட்டும் உக்கியிருப்பதைப் பற்றிப் பயப்படவேண்டாம். அவை கழற்றிப் பூட்டக்கூடியவை. பயப்படவேண்டிய இடம் முன் சீற்றுகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டித் தகடு. முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை அதில்தான் நிற்கிறது. அது உக்கினால் வண்டி முன்பக்கம் தொய்யும். பின் ஸ்ப்ரிங் தாங்கிகளையும், கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டின் உள்பக்கத்தையும் அதே கண்ணோடு பாருங்கள்.

கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். உக்கியதும், புட்டி அப்பியதும் மந்தமாகச் சொல்லும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்குரூ டிரைவரால் அழுத்துங்கள். மல்லாவி, மாங்குளம் போன்ற உள்ளூர்களில் வெளித் தகடு நன்றாகத் தாங்கும். ஆனால் செம்மண் சேறு பெட்டித் தகடுகளுக்குள் காய்ந்து இறுகியிருக்கும். ஒவ்வொரு மாரியிலும் அது நனைந்து உள்ளிருந்து தின்னும். அதைக் குத்தி எடுத்துக் கழுவாமல் மேலே தகடு ஒட்டுவது வீண் செலவு. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்க வண்டியென்றால் உப்புக் காற்றின் வேலையைக் கூடுதலாக எதிர்பாருங்கள்.

மரச்சட்டம் வைத்த மைனர் வகையான ட்றவலர் கிடைத்தால் அந்த மரம் அழகுக்கு வைத்ததல்ல, பின் உடலைத் தாங்குவது. கறையான் ஏறிய மரத்துக்குமேல் வார்னிஷ் பூசி விற்பார்கள். கத்தி நுனியால் மூட்டுகளைக் குத்திப் பாருங்கள். மாற்றும்போது நம்மூர் முதிரை உறுதியானது, ஆனால் பாரம். நன்கு காய்ந்த தேக்கு வேலைக்கு இலகு.

முன் சில்லு மடிவது

மைனரின் மிகப் பெரிய ஆபத்து இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் மேலும் கீழும் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரியில் பித்தளைப் புரி வைத்த மூட்டு திருகிக்கொண்டு நிற்கும். ஸ்டேறிங் திருப்பும் ஒவ்வொரு முறையும் இந்தப் புரி சிறிது ஏறி இறங்குகிறது. கிறீஸ் இல்லாமல் கிரவல் றோட்டுத் தூசி அதற்குள் போனால் அது அரைக்கும் மாவாகிவிடும். ஒருநாள் புரி முழுக்கத் தேய்ந்து கீழ் மூட்டு கழன்று சில்லு உள்ளே மடியும். பெரும்பாலும் வளவுக்குள் ஸ்டேறிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது அது நடக்கும். ஏ9 நெடுஞ்சாலையில் நடந்தால் உயிருக்கே மோசம்.

சோதனை இப்படி. முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, கீழே உறுதியான கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பாதீர்கள். ரயருக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து மேலே நெம்புங்கள். இன்னொருவர் கீழ் மூட்டை ரோச் அடித்துப் பார்க்கட்டும். தண்டு மூட்டுக்குள் மேலும் கீழும் துள்ளுவது கண்ணுக்குத் தெரிந்தால் மாற்றியே ஆகவேண்டும். பிறகு ரயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அப்போது வரும் ஆட்டம் பெயரிங்கிலா மூட்டிலா என்று அறிய, ஒருவர் பிறேக் மிதிக்கட்டும். பிறேக் மிதித்தும் ஆடினால் மூட்டு. இடப்பக்க மூட்டும் வலப்பக்க மூட்டும் வேறுவேறு. வாங்கும்போது பக்கம் சொல்லி வாங்குங்கள். புதிய மூட்டைத் தேய்ந்த தண்டில் போட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகும், ஆகவே தண்டின் புரியையும் பாருங்கள்.

1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ். கிரவல் றோட்டில் ஓடும் வண்டிக்கு 500 மைலுக்கே அடியுங்கள். சில்லு தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. தூக்கிவைத்து, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடிக்கவேண்டும்.

மண்ணெண்ணெயின் தடயங்கள்

மண்ணெண்ணெய் ஆவியாக அதிக சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே சிலிண்டருக்குள் போகும். அதனால்தான் போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மைனரில் உள்ளிழுக்கும் குழாயும் புகைக் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்பதால் எண்ணெய்க்குச் சூடு கிடைத்தது. இந்த எஞ்சின் அந்தக் காலத்தைத் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் எரியாத துளிகள் சிலிண்டர் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள், அதாவது எஞ்சினின் அடி ஒயில் தொட்டிக்குள், இறங்கின. சுவர் தேய்ந்தது, றிங் தேய்ந்தது, ஒயில் நீர்த்துப் பெயரிங் தேய்ந்தது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, அதனால் ஏற்றத்தில் எஞ்சின் இடித்தது. அந்த இடியைக் குறைக்கத் தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது ரைமிங்கைப் பின்தள்ளினார்கள். பின்தள்ளியதால் வெப்பம் கூடிப் புகை வால்வு கருகியது.

பல வருடம் நின்ற எஞ்சினைத் தள்ளி ஸ்டார்ட் எடுக்காதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு இரண்டு இரவு விடுங்கள். பிறகு ஹாண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் இன்னும் ஒயில் விட்டுப் பொறுத்திருங்கள். பலத்தால் சுற்றினால் றிங் உடையும்.

சுற்றத் தொடங்கியதும் டிப் தடியை எடுத்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணத்தால், அல்லது ஒயில் மட்டம் அடையாளத்துக்கு மேலே நின்றால், எஞ்சினை ஓடவிடாமலே ஒயிலை இறக்குங்கள். வடிகட்டியோடு சேர்த்து 3.7 லீற்றர் 20டபிள்யூ50 பிடிக்கும். அடுத்தது கொம்பிறஷன் சோதனை: எக்ஸலறேற்றரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக அளவுங்கள். நாலும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருந்தால் சரி. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். அளவு ஏறினால் றிங் அல்லது சுவர், ஏறாவிட்டால் வால்வு அல்லது சிலிண்டர் தலைக் கஸ்கற். இந்த ஒரு சோதனை தெரியாமல் எஞ்சினை முழுக்கப் பிரித்தவர்கள் ஏராளம்.

சிலிண்டர் தலையைக் கழற்றினால் இரண்டு கஸ்கற் அடுக்கிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமுக்கத்தைக் குறைத்து இடியை அடக்கச் செய்த வேலை அது. ஒன்றே போதும். கரியைச் சுரண்ட மரத்துண்டு அல்லது பித்தளை பாவியுங்கள். திருப்பிப் பூட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், 40 இறாத்தல்-அடி வரை இறுக்கவேண்டும். வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐப் பாருங்கள், 7 திறந்திருக்க 2ஐ, 6 திறந்திருக்க 3ஐ. கூட்டினால் எப்போதும் 9.

ரைமிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முதலில் பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலமாக்குங்கள், பிளக்கை 0.025. எஞ்சினின் முன்மூடியில், கப்பிக்குக் கீழே மூன்று முள் இருக்கும். நீளமானது மேல்மையம், மற்றவை 5, 10 டிகிரி. மேல்மையத்துக்கும் 5 டிகிரி முள்ளுக்கும் இடையில் கப்பியின் வெட்டு வரும்போது பொயின்ற் திறக்கவேண்டும். 12 வோல்ட் பல்ப்பின் ஒரு வயரை டிஸ்றிபியூற்றரின் சிறு முனையிலும் மற்றதை உடலிலும் பிடித்தால், பொயின்ற் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். டிஸ்றிபியூற்றரின் பக்கத்தில் விரலால் திருப்பும் சிறு திருகு இருக்கும். தடைக் காலத்தில் ஓடியதென்றால் அது பின்தள்ளும் பக்க முடிவில் நிற்கலாம். நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சுடும் ஒழுங்கு 1-3-4-2.

எண்ணெய்க் குழாயைச் சூடேற்றுவதற்காகச் சைலன்சர் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தால் உடனே பிரித்து விலக்குங்கள். பெற்றோல் ஓடத் தொடங்கினால் அது தீப்பிடிக்கும். இரண்டாவது எண்ணெய்த் தாங்கி, போத்தல் தாங்கும் வளையம், இடைத் திருகு எல்லாம் கழரட்டும். பெரிய பெற்றோல் தாங்கியை இறக்கிக் கைப்பிடி சல்லியும் கொஞ்சப் பெற்றோலும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். துரு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப. நன்கு கழுவி ஆவி போகாத தாங்கியை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகக் கூடாது.

பெற்றோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யூ கபுரேற்றரின் மேல் மணியைக் கழற்றினால் உள்ளே பிஸ்டனில் மண்ணெண்ணெய்ப் பிசின் மஞ்சளாகப் படிந்திருக்கும். துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். பூட்டிய பிறகு பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று இரும்பில் இரும்பு படும் சத்தத்தோடு விழவேண்டும். விழாமல் இழுபட்டால் ஊசி நடுவில் இல்லை. மேலே மெல்லிய ஒயில் சிறிது விடுங்கள். கலவை சரியா என்று பார்க்க, சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் சற்று ஏறி அடங்கினால் சரி. ஏறிக்கொண்டே போனால் பெற்றோல் கூட, நிற்கப் பார்த்தால் குறைவு.

பிறேக், தண்ணீர், மின்

பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தட்டுக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெற்றைத் தூக்கினால்தான் மூடி தெரியும். அதனாலேயே வருடக்கணக்கில் ஒருவரும் பார்ப்பதில்லை. நின்ற வண்டியில் எல்லா ரப்பரையும் மாற்றுங்கள். பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் புது ரப்பரும் ஊதிப் பிறேக் பிடித்தபடி நிற்கும். பிறேக் ஒயிலில் மட்டும் கழுவவேண்டும். காற்றெடுப்பதை இடப் பின் சில்லிலிருந்து தொடங்குங்கள், அதன் குழாய்தான் நீளம். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சரிப்படுத்தி உண்டு. ஒன்றை மட்டும் இறுக்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சில்லு இறுகும்வரை திருப்பி, ஒரு கிளிக் பின்னே விடுங்கள்.

வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். ரேடியேற்றரையும் எஞ்சினின் பின்பக்க வடிகுழாயையும் திறந்து, தண்ணீரைக் கீழிருந்து மேலாக அடித்துக் கழுவுங்கள். வடிகுழாயில் ஒன்றும் வராவிட்டால் வெறுமையென்று நினைக்காதீர்கள், சேறு அடைத்திருக்கும், கம்பியால் குத்துங்கள். பிறகு பிடித்துவைத்த மழைத்தண்ணீரோடு கூலன்ற். தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்திருந்தால் எங்கள் சூட்டுக்கு 74 டிகிரியுடையதைப் போடுங்கள்.

மைனரில் பற்றறியின் நேர் முனைதான் உடலோடு சேரும். இன்றைய வண்டிப் பழக்கத்தில் மாற்றிப் பூட்டினால் போன் சார்ஜரும் ரேடியோவும் எரியும், டைனமோ சார்ஜ் செய்யாது. துணி சுற்றிய வயரை எலி கடித்திருந்தால் அந்த இழையை முழுவதாக மாற்றுங்கள். ரேப் சுற்றுவது வேலையல்ல.

ஸ்பானர் விடயம் சிறிதென்றாலும் பல நட்டுகளின் உயிர் அதில்தான். ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு அங்குல அளவு வேண்டும்: 7/16, 1/2, 9/16. 13 மில்லிமீற்றர் ஸ்பானர் 1/2 அங்குல நட்டில் ஏறும், ஆனால் 0.3 மில்லிமீற்றர் இளகி நின்று மூலையை உருட்டிவிடும்.

ஓடத் தொடங்கிய பிறகு

92 ஒக்டேன் போதும். இலங்கையில் 2002இல் ஈயமில்லாத பெற்றோல் வந்த பிறகு பழைய தலைகளில் புகை வால்வு இருக்கை மெதுவாக உள்வாங்கும். அதனால் 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வால்வு இடைவெளி 0.012இலிருந்து சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து சுருங்கிக்கொண்டே போனால் லேத் பட்டறையில் கடின இருக்கை அடிக்கவேண்டும். ரயர் 14 அங்குலம், காற்று முன்னுக்கு 22, பின்னுக்கு 24 இறாத்தல்.

முதல் ஒயிலை 200 கிலோமீற்றரில் இறக்கிவிடுங்கள். பழைய கரியும் பிசினும் கரைந்து கறுப்பாக வரும். இரண்டாவதை 1000இல் இறக்குங்கள். இறக்கும் ஒயிலை வெள்ளைச் சட்டியில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுங்கும் மஞ்சள் தூள் தெரிந்தால் பெயரிங் போகிறது, அடுத்த பயணத்துக்கு முன் சம்பைக் கழற்றவேண்டும்.